அம்மாவின் பெயருக்கு வந்த பரிசு

அத்தியாயம் 17

சின்னவளின் பழைய துணிகளை அலமாரியிலிருந்து எடுத்து உதறி, மறுபடியும் அதே மடிப்பில் மடித்து அதே தட்டில் வைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் போன வாரம் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். பாவம், ஒரு வாரமாக நிற்கிறாள். ஏற்கெனவே முழங்கால் வலிக்காரி. முதலில் உட்கார வைப்போம்.

உட்கார்ந்தாள். சமையலறை மேஜையில், டேப்லெட்டைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு. காலை எட்டரை மணி.

இந்த வீட்டுக்கு இப்போதுதான் வருகிறவர்களுக்காக நாலு வரி. அம்மா பிரசவ வார்டில் முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மகள்கள் இரண்டு பேர். மூத்தவள் கூடவே இருக்கிறாள். சின்னவள், வீட்டில் எல்லோருக்கும் பொடிசு, மூன்று வருஷம் நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு கப்பல் சமையல்காரனைக் கட்டிக்கொண்டு போனாள். போனவள் போனவள்தான். அவளுடைய நம்பரை அழைத்தால் இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொல்கிறது. மாதம் ஒரு முறையாவது அம்மா அந்தக் குரலைக் கேட்டுவிடுவாள்.

மூத்தவளுக்கு வேலை, வீட்டு உபயோகச் சாமான்கள் செய்யும் ஒரு பெரிய கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவில். 'உங்கள் கம்பெனியில் எனக்கு வாஷிங் மெஷின் பரிசு விழுந்திருப்பதாக மெயில் வந்திருக்கிறது, நிஜமா?' என்று ஊர் உலகம் கேட்கும். இல்லை என்று இவள் பதில் எழுதுவாள். ஒன்பது வருஷமாக இல்லை சொல்லிச் சொல்லிக் கை பழகிவிட்டது. ஆபீசில் அவளுக்குப் பேர் ஜட்ஜம்மா. தனக்கு வந்த வரன்களையும் இப்படித்தான் தள்ளுபடி செய்தாள் என்று அம்மாவின் தம்பியான மாமா சொல்வார், அவள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.

"இங்க வாயேன். இதக் கொஞ்சம் பாரு."

"தலை ஈரமா இருக்கும்மா. என்னது?"

"ஒரு மெயில்."

"எங்கேர்ந்து எடுத்த?"

அம்மா சர்க்கரை டப்பாவைப் பார்த்தாள். குப்பைக் கூடையிலிருந்து எடுத்திருக்கிறாள் என்று மூத்தவளுக்குப் புரிந்துவிட்டது. டேப்பில் இருக்கிற குப்பைக் கூடையைச் சொல்கிறேன்.

அதற்கு ஒரு கதை உண்டு. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், அம்மாவுக்கு மிக்ஸி பரிசு என்று ஒரு மெயில் வந்தது. நாற்பத்திரண்டு கேள்விகள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எந்த முழங்கால் அதிகம் வலிக்கிறது என்பதுவரை மறைக்காமல் பதில் எழுதினாள். மறுநாளிலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு போன். முழங்காலுக்கு எண்ணெய் வேண்டுமா, கடன் வேண்டுமா, கிழக்குப் பார்த்த மனை வேண்டுமா? மிக்ஸி மட்டும் வரவில்லை.

மூத்தவள் அன்றைக்கே அம்மாவின் போன் நம்பரை மாற்றினாள். மெயிலுக்கும் ஒரு சட்டம் போட்டாள். பதினோரு பேருடைய முகவரி அதில் இருக்கிறது. அந்தப் பதினோரு பேரிடமிருந்து வந்தால் அம்மாவின் கண்ணுக்குத் தெரியும். மற்றதெல்லாம் நேராகக் குப்பைக்கு. முப்பது நாளில் குப்பை தானே அழிந்துவிடும். அம்மாவைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவளுக்கு அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

"குப்பையில கை விடாதன்னு எத்தனை தடவ சொல்றது? யாரு காட்டிக் குடுத்தா, மாமாவா?"

"அவன எதுக்கு இழுக்கிற? பரிசும்மா. போட்டோ ஆல்பம். யாரோ எனக்குன்னு தேர்ந்தெடுத்து வச்சிருக்காங்களாம். விலாசம் மட்டும் குடுத்தாப் போதுமாம். இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான்."

மூத்தவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தன் கைபேசியில் அதே மெயிலைத் திறந்தாள். அம்மாவின் மெயில் பெட்டி அவளுடைய கைபேசியிலும் திறக்கும். அவளுடைய கைபேசியில் படங்கள் வராது. அப்படித்தான் அமைத்து வைத்திருக்கிறாள். எழுத்து மட்டும்தான் தெரிந்தது.

'உங்களை நேசிக்கும் ஒருவர் உங்களுக்காக ஒரு பரிசைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.'

அதற்கு மேல் அவள் படிக்கவில்லை.

"நாலே நாலு கேள்விம்மா. யார் அனுப்பினது? பேரு இல்ல. அமுக்கினா எங்க கூட்டிட்டுப் போகும்? தெரியாது. ஏன் அவசரப்படுத்தறான்? ஆறு மணிங்கிறான். உங்கிட்ட என்ன கேக்கறான்? விலாசம் கேக்கறான். நாலும் காலி. நெசமான பரிசுன்னா அழுது வடியும். கீ செயின் தருவான், பாதி விலைக்கு ஃபில்டர் தருவான். நேசம் கீசம்னு எவனும் எழுத மாட்டான்."

"படத்துல ஒரு குழந்தை இருக்கு..."

"இருக்கும். இருக்கணும்ல? அதப் பாத்துதான உன்ன மாதிரி ஆளுங்க விழறாங்க."

அம்மாவின் கையிலிருந்து டேப்பை வாங்கி, 'போலி என்று புகார் செய்' என்ற பொத்தானை அழுத்தினாள். ஒரு தரம் போதும் என்று தெரிந்தும் இரண்டு தரம் அழுத்தினாள். பிறகு அம்மாவின் கன்னத்தில் ஈரத் தலையோடு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள். பிரியம் இல்லாமல் அவள் எதையும் செய்வதில்லை. கஷ்டமே அதுதான்.

ஆபீசில் அன்றைக்கு எழுபத்து மூன்று மெயில்கள் காத்திருந்தன. பாதிப் பேருக்கு ஃபிரிட்ஜ் விழுந்திருந்தது. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தனக்கு விழுந்த ஃபிரிட்ஜ் இரட்டைக் கதவா ஒற்றைக் கதவா என்று கேட்டிருந்தார். 'உங்கள் ஆர்வம் எங்களுக்குப் புரிகிறது' என்று ஆரம்பித்து, அவர் மனசு நோகாமல் ஃபிரிட்ஜைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு அம்மாவிடமிருந்து போன்.

"நான் மறுபடியும் அத எடுத்துப் பாத்தேன்."

"அம்மா!"

"கத்தாத. எதையும் அமுக்கல. கண்ணாடியப் போட்டுக்கிட்டு படத்த மட்டும் பாத்தேன். ஆல்பத்தோட மேலட்டை. அந்தக் குழந்தைக்கு ரெண்டு மாசம் இருக்கும், மிஞ்சிப் போனா ரெண்டேகால்."

"சரிம்மா. ரெண்டேகால். இப்ப அதுக்கென்ன?"

"வலது கை வெளிய இருக்குடி."

மூத்தவளின் விரல்கள் கீபோர்டில் நின்றுவிட்டன.

"துணிய வெளியூர்க்காரங்க மாதிரி சுத்தல. இடது தோளுக்குக் கீழ சொருகி, வலது கைய மட்டும் வெளிய விட்டிருக்கு. எங்க வார்டுல நான் சுத்தற மாதிரி. பக்கத்து வார்டுல கூட அப்படிச் சுத்த மாட்டாங்க. நான் சொல்லிக் குடுத்தா மட்டும்தான் அது வரும். ஒரு தடவ பாரேன். எனக்காகப் பாரு."

வார்டில் இருபத்தாறு தொட்டில்கள். பால் குடித்து முடித்த குழந்தைக்கு வலது கையை வெளியே விட்டுச் சுற்றுவாள் அம்மா. இன்னும் குடிக்காத குழந்தைக்கு இரண்டு கையும் உள்ளே. அடுத்த ஷிப்டுக்கு வருகிறவள் கூடத்தை ஒரு நோட்டம் விட்டாலே போதும். தூங்குகிற தாயை எழுப்பிக் கேட்க வேண்டாம். அம்மா தானாகக் கண்டுபிடித்த ஏற்பாடு இது. எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டு மகள்கள் இரண்டு பேரும் நர்ஸ்கள் அறையில்தான் காத்திருப்பார்கள். மூத்தவள் வீட்டுப்பாடம் எழுதுவாள். பொடிசு கிடைத்த துண்டை எடுத்து, தலையணையைச் சுற்றுவாள், தண்ணீர் பாட்டிலைச் சுற்றுவாள், அக்காவின் பென்சில் டப்பாவைச் சுற்றுவாள். எதற்குப் பசி, எதற்குப் பசி இல்லை என்று அவளுக்குத்தான் தெரியும்.

மூத்தவள் மெயிலைத் திறந்து, 'படங்களைக் காட்டு' என்பதை அழுத்தினாள்.

கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஆல்பம். அட்டையில் மஞ்சள் துணியில் சுற்றின ஒரு குழந்தை, கண்ணை மூடிக்கொண்டு. இடது தோளுக்குக் கீழே சொருகின முனை. வெளியே ஒரு வலது கை, விரல்களை மடக்கிக்கொண்டு.

அவளுக்கு அழுகை வந்தது. பக்கத்து மேஜைக்காரி என்ன ஆச்சு என்று கேட்டாள். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று சொன்னாள். ஆபீஸ்களில் எப்போதும் விழுகிற அதே தூசிதான்.

ஆனாலும் ஜட்ஜம்மா ஜட்ஜம்மாதானே? மெயிலில் இருந்த எதையும் அழுத்தவில்லை. அதன் அடியில் பேர் போட்டிருந்த ஆல்பக் கம்பெனியின் முகவரியைத் தானே தட்டி உள்ளே போனாள். நிஜமான கம்பெனி. இருபத்தைந்தாவது வருஷத்துக்காக, தங்கள் வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் யாராவது ஒருவருக்கு ஒரு ஆல்பத்தை இலவசமாகப் பரிசளிக்கலாம், கடைசி நாள் இன்று, மாலை ஆறு மணி என்று அறிவித்திருந்தார்கள். 'ஆச்சரியப் பரிசு' என்று குறித்தால் கொடுக்கிறவர் பேர் வராது. அதற்குப் பதிலாக 'உங்களை நேசிக்கும் ஒருவர்' என்று போவது அவர்களுடைய வழக்கம். அனுப்பிய முகவரியும் சரியாக இருந்தது.

நாலு கேள்வியில் மூன்றுக்கு விடை கிடைத்துவிட்டது. நாலாவதுதான் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. என்ன கேட்கிறார்கள்? விலாசம்.

வீடு மாறின விஷயம் பொடிசுக்குத் தெரியாது. போன் நம்பர் மாறினதும் தெரியாது. அவளிடம் மிச்சம் இருந்தது அம்மாவின் மெயில் முகவரி ஒன்றுதான். அம்மா இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறாள். அதைத்தான் அக்கா காலையில் இரண்டு தரம் அழுத்திப் புகார் செய்துவிட்டு வந்தாள்.

குப்பைக் கூடையைத் திறந்தாள். அதே கம்பெனியின் மெயில் இன்னும் இரண்டு இருந்தன, முதல் அழைப்பும் நினைவூட்டலும். அதற்கு முன்னால் எதுவும் இல்லை. முப்பது நாளுக்கு முந்தியது எதுவும் அந்தக் கூடையில் தங்காது. அந்தப் பதினோரு பேரில் பொடிசு இல்லை. நேராகவே எழுதியிருப்பாளோ? எத்தனை தரம் எழுதியிருப்பாள்? வயிற்றில் குழந்தை இருக்கிறது என்று எழுதியிருப்பாளா? பயமாக இருக்கிறது, நீ வா அம்மா என்று எழுதியிருப்பாளா? இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

மெயிலில் இருந்த பரிசு எண்ணைக் கம்பெனியின் பக்கத்தில் தட்டினாள். பக்கம் திறந்தது.

'பெறுநர் இந்தப் பரிசை மறுத்துவிட்டார். கொடுத்தவருக்குத் தெரிவிக்கப்பட்டது. காலை 9.12.'

இது எப்படி நடந்தது என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தன் கம்பெனியிலும் அப்படித்தான். அனுப்பின மெயிலை யாராவது போலி என்று அழுத்தினால் அரை மணிக்குள் தகவல் வந்துவிடும். உடனே அந்தப் பேரை எடுத்துவிடுவார்கள். இங்கே எடுத்தது அம்மாவின் பேரை. உலகத்தில் எங்கேயோ ஒரு அறையில், இரண்டு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பொடிசு அந்த வரியைப் படித்திருப்பாள். அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஆல்பக் கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தாள். இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்க வைத்த பிறகு எடுத்தது ஒரு பெண் குரல்.

"உங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது."

இந்த வாக்கியத்தை ஒரு நாளைக்கு முப்பது தரம் எழுதுகிறவள்தான் இவள். கேட்டுக்கொள்கிற பக்கத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"மேடம், அது போலின்னு நெனச்சுத் தெரியாம அழுத்திட்டேன். எடுத்துவிட முடியாதா?"

"மறுத்த பரிசை நாங்க திருப்ப முடியாதுங்க. கொடுத்தவங்கதான் மறுபடியும் அனுப்பணும். திட்டம் இன்னிக்கு ஆறு மணியோட முடியுது."

"கொடுத்தவங்க நம்பர்?"

"தர முடியாதுங்க. மன்னிக்கணும்."

"நான் அவளோட அக்கா."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு போலியாகக் கேட்கிறது என்று தெரிந்தது. அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். ஒன்று செய்யலாம் என்றாள். பெறுகிறவருடைய மெயிலிலிருந்து உள்ளே வந்தால், பக்கத்தின் அடியில் ஒரு பெட்டி இருக்கும். அதில் எழுதுவது கொடுத்தவருக்குப் போகும். அவர் விரும்பினால் பதில் எழுதலாம்.

"பெறுறவங்கதான் எழுதணும்," என்றாள் அந்தப் பெண்.

அம்மாவின் மெயில் சாவி மூத்தவளிடம் இருந்தது. இரண்டு நிமிஷ வேலை. 'பொடிசு, நான் அம்மா, கை தவறிப் பட்டுவிட்டது' என்று எழுதினால் முடிந்தது. யாருக்கும் எதுவும் தெரியாது. அம்மாவிடம் கூடச் சொல்ல வேண்டாம். பெட்டியைத் திறந்து, 'பொடிசு' என்று எழுதியும் விட்டாள்.

அம்மாவின் பேரில் நான் எழுதினால் அதற்குப் பேர் என்ன? ஒன்பது வருஷமாக இதைத்தானே பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்?

எழுதினதை அழித்தாள். போனில் சொல்லித் தீர்கிற விஷயம் இல்லை இது. அரை நாள் லீவு கேட்டாள். ஒன்பது வருஷத்தில் காய்ச்சலோடுகூட வந்தவள் லீவு கேட்டதும் மேலதிகாரி காரணம் கேட்க மறந்துவிட்டார்.

பஸ் மூன்று மணி நேரம் ஊர்ந்தது. பாலத்துப் பக்கம் ஏதோ லாரி நின்றுவிட்டதாம். வீட்டுக்கு வரும்போது மணி ஐந்தடிக்க ஐந்து நிமிஷம்.

மாமா வந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக். இந்தக் குடியிருப்பின் லிஃப்டை மாதம் ஒரு தரம் சரி செய்ய வருவார். லிஃப்ட் நன்றாக இருந்தாலும் அக்கா கையால் காபி குடிக்க வருவார். மெயிலில் இதுவரை அவருக்கு மூன்று கார், ஒரு தீவு, வெளிநாட்டு இளவரசர் ஒருவருடைய நட்பு எல்லாம் விழுந்திருக்கின்றன. இன்னும் அவர் சைக்கிளில்தான் வருகிறார். நம்பிக்கை மட்டும் குறையவில்லை.

"வாம்மா ஜட்ஜம்மா! நம்ம கேஸு என்ன ஆச்சு?"

"மாமா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க." அம்மாவின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அம்மா, அது நெசம். பொடிசுதான். குழந்தை அவளோடதுதான்னு நெனக்கிறேன்."

அம்மா கையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆனா காலைல நான் அழுத்தினேன்ல? அதனால நீ வேண்டாம்னு சொல்லிட்டதா அவளுக்குப் போயிருச்சு."

"நான் எப்ப வேண்டாம்னேன்?"

"நீ சொல்லல. நான்தான்." இதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். முடியவில்லை. மூன்று வருஷத்துக்கு மேலாக அடக்கி வைத்திருந்தது, தானாக வெளியே வந்தது. "இன்னொண்ணும் இருக்கும்மா. அவ போய் ரெண்டு வாரத்துல ஒரு நாள் போன் பண்ணா. உன் போன்தான். நான் எடுத்தேன். அவன் ஆளே சரியில்ல, இனிக்க இனிக்கப் பேசறான், கல்யாணத்துக்கு அவசரப்படுத்தினான், எல்லாம் போலியோட லட்சணம்னு சொன்னேன். அம்மாவ நிம்மதியா விடு, இனிமே இந்த நம்பருக்குப் பேசாதன்னு வச்சிட்டேன்."

அம்மா வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் எங்க இருந்தேன்?" என்றாள் அம்மா.

"குளிச்சிட்டிருந்த."

அம்மா தலையை ஆட்டினாள். எந்தக் குளியல் என்று இத்தனை வருஷம் கழித்துத் தேடிப் பார்க்கிறவள் போல இருந்தாள். கோபம் வரும் என்று மூத்தவள் காத்திருந்தாள். ஒரு அறை விழுந்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"பத்து நிமிஷத்துல வெளிய வந்திருப்பேனே," என்றாள் அம்மா. "பத்து நிமிஷம் லைன்ல இருன்னு சொல்லியிருக்கலாமே."

மூத்தவள் டேப்பை அம்மாவின் பக்கம் நகர்த்தினாள்.

"நீ தப்பாக் கணிச்சேன்னு எனக்கு வருத்தமில்லடி. எனக்கும் அந்தப் பையனப் பிடிக்கல. ஆனா எனக்காக நீயே கணிச்சு, நீயே முடிவும் பண்ணிட்ட. அப்பப்ப உனக்குத் தெரியாம நான் அந்தக் குப்பையத் தேடினது எதுக்குன்னு நெனச்ச? மிக்ஸிக்கா? அவ ஒரு வரி எழுதி, அது அங்க விழுந்து கெடக்குமோன்னுதான்."

மாமா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். அவர் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"இப்ப என்ன பண்ணணும்? அதச் சொல்லு," என்றாள் அம்மா. வார்டில் குழந்தை அழாமல் பிறந்துவிட்டால் வருகிற குரல் அது. அழுவதெல்லாம் அப்புறம்.

மூத்தவள் பக்கத்தைத் திறந்து பெட்டியைக் காட்டினாள். தானே எழுத வேண்டும் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினாள். தப்பானதை அழித்தாள். மறுபடியும் தட்டினாள். பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று.

'பொடிசு நான் மறுக்கல. நான் ஏன் மறுக்கப் போறேன். வீடு மாறிட்டோம் அதான் உனக்குத் தெரியல. விலாசம் கீழ இருக்கு. குழந்தை நல்லாப் பால் குடிக்குதா.'

விலாசத்தைக் கதவு எண், மாடி, தெரு என்று ஒவ்வொன்றாகத் தட்டி, இரண்டு தரம் படித்துப் பார்த்து அனுப்பினாள்.

மூன்று பேரும் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அணைந்து போகும்போதெல்லாம் அம்மா தொட்டு எழுப்பினாள். ஐந்தரை ஆயிற்று. அவள் இந்நேரம் தூங்குகிறாளோ, வேலையில் இருக்கிறாளோ, கடலில் சிக்னல் கிடைக்குமோ என்று மாமா தனக்குத் தெரிந்த பூகோளத்தை எல்லாம் எடுத்து விட்டார். கப்பலில் இருப்பது அவள் புருஷன்தான் என்று யாரும் அவரைத் திருத்தவில்லை.

ஐந்து முப்பத்தாறுக்குப் பெட்டிக்குக் கீழே புதிதாக எழுத்து வந்தது. அம்மா வாய்விட்டுப் படித்தாள்.

'இது அம்மாதானா. அக்கா எழுதற மாதிரியும் இருக்கலாம். பேசாதன்னு சொன்னா. காலைல வேண்டாம்னு வந்துச்சு இப்ப வேணும்னு வருது. எனக்கு எதை நம்பறதுன்னு தெரியல. இதுக்கு மேல என்னால ஏமாற முடியாது.'

படித்து முடித்ததும் அம்மா மூத்தவளைப் பார்க்கவில்லை. அந்தக் கருணைதான் அவளை அதிகம் சுட்டது. தங்கை சொல்வது நியாயம். யார் அனுப்பியது, ஏன் இந்த அவசரம், எதற்கு ஒரு நாளில் இரண்டு பேச்சு? தான் அந்த இடத்தில் இருந்தால் எப்போதோ போலி என்று அழுத்தியிருப்பாள்.

"ஒரு போட்டோ எடுத்து அனுப்புக்கா," என்றார் மாமா. "நான் எடுக்கறேன். சிரி."

"அதுல போட்டோ போகாது மாமா. எழுத்து மட்டும்தான்."

"அப்ப நம்ம நம்பரப் போடு, பேசட்டும்."

"பயந்துபோயிருக்கிற புள்ள எப்படிடா பேசும்?" என்றாள் அம்மா. டேப்பை மடிக்கு எடுத்துக்கொண்டாள். "அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சது நெறைய இருக்கு. அத எழுதறேன். நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க."

"நானுமா?" என்றாள் மூத்தவள்.

"நீதான் முக்கியமா."

குரலில் கோபம் இல்லை. தாய்க்கும் குழந்தைக்கும் நடுவில் நிற்கிற உறவுக்காரர்களை முப்பத்திரண்டு வருஷமாக இப்படித்தான் வெளியே அனுப்பியிருக்கிறாள். கதவு சாத்திக்கொண்டது.

வெளியே நடையில் லிஃப்டுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். மாமா சும்மா இருக்க முடியாமல் லிஃப்ட் பொத்தானைத் துடைத்தார்.

"எனக்கு வந்த மெயில் ஒண்ணாவது நெசமா இருந்திருக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா."

"அப்ப உன் கணக்கு சரிதான். நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது சரி." கொஞ்சம் யோசித்தார். "மிச்சம் ஒண்ணுக்குத்தான் மனுஷன் காத்துக்கிட்டே இருக்கான்."

மூத்தவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். உள்ளே அம்மாவின் ஒற்றை விரல் தட்டுகிற ஓசை கேட்காது என்று தெரிந்தும் காதைக் கொடுத்தாள். ஒன்றரை வருஷமாக அம்மாவுக்கு வந்த ஒவ்வொரு எழுத்தும் அவள் போட்ட சட்டத்தைத் தாண்டித்தான் போயிற்று. இன்றைக்கு அம்மா எழுதுவதை அவள் பார்க்கப்போவதில்லை. அதில் அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

ஆனால் ஆசையாகவும் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? பொடிசின் கையெழுத்து எப்படி இருக்கும், சண்டை போட்ட பிறகு அவள் எப்படி முதுகைக் காட்டிக்கொண்டு படுத்து, பாதி ராத்திரியில் அக்காவின் மேல் காலைப் போடுவாள், எல்லாம் ஞாபகம் வந்தது. மூன்று வருஷமாக வீட்டில் அம்மா ஒருத்தி மட்டும்தான் ஏங்குகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இவளும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். விரட்டினவள் எந்த முகத்தோடு ஏங்குவது?

உள்ளே அம்மா சிரித்தாள்.

சின்னச் சிரிப்புதான். அழுகையோடு கலந்த மாதிரி. இந்த வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பை மூத்தவள் கேட்டதே இல்லை. மாமா பொத்தானைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. அம்மா தலையை மட்டும் நீட்டினாள். கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது.

"நம்பிட்டா," என்றாள். "மறுபடியும் அனுப்பறேங்கிறா. பொம்பளப் புள்ளையாம்." மூச்சு வாங்கினாள். "அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கறா. அக்கா இப்ப உன் பக்கத்துல இருக்காளான்னு."

"வேற ஏதாவது எழுதியிருக்காளா?"

"வேற ஒண்ணும் இல்ல. அது மட்டும்தான். நான் என்னன்னு சொல்லட்டும்?"

இருந்தால் அனுப்ப மாட்டேன் என்று கேட்கிறாளா, இருந்தால் கூப்பிடு என்று கேட்கிறாளா? மூத்தவள் அந்த ஒரு வரியை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுபத்து மூன்று மெயிலை ஒரே நாளில் தீர்த்துவிடுகிறவளுக்கு அதைக் கணிக்கத் தெரியவில்லை.

"பக்கத்துல இல்ல, வெளிய நிக்கிறான்னு சொல்லும்மா," என்றாள். "கூப்பிட்டா வருவான்னு சொல்லு."

அம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். ஆறு மணிக்கு இன்னும் பதினோரு நிமிஷம் இருந்தது.